நிலவின் பெயரால் நாம் விற்ற பீதி

2025 நவம்பர் 28ஆம் திகதி 'டித்வா' புயல் நாட்டைப் புரட்டிப்போட்டதன் பின்னர் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒன்றே இதனை எழுதத் தூண்டியது. அழைத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நன்கு படித்தவர், எனக்கு உறவுமுறை. சுகம் விசாரித்த கையோடு கேட்டார்: "அண்ணை, அந்தச் சுப்பர் மூன் வந்து மூண்டு கிழமைக்குள்ளை இது நடந்திருக்கு. சந்திரன் கிட்ட வந்தா அழிவு எண்டு பேப்பரிலை போடுறவங்கள். நீங்களும் போட்டனீங்கள்தானே?"

கடைசி வாக்கியம்தான் என்னைத் தைத்தது. அவர் குற்றஞ்சாட்டவில்லை, பாராட்டாகவே சொன்னார். ஆனால் உண்மை அதுவே. நானும் போட்டவன்தான்.

முதலில் அவருடைய கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். 2025ஆம் ஆண்டில் சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வந்தது நவம்பர் 5ஆம் திகதி, ஐப்பசிப் பூரணை நாளில். சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடைபெற்ற அதே மாலை. அப்போது தூரம் ஏறத்தாழ 3,56,800 கிலோமீற்றர். அவ்வாண்டிலேயே அது மிகத் தொலைவில் இருந்தது எப்போது தெரியுமா? அதற்கு 15 நாள் கழித்து, நவம்பர் 20, அமாவாசையன்று. ஏறத்தாழ 4,06,700 கிலோமீற்றர். இரண்டு கிழமையில் சந்திரன் நம்மைவிட்டு 50,000 கிலோமீற்றர் அளவில் விலகிப் போனது. புயல் கரையைக் கடந்த 28ஆம் திகதி வளர்பிறை அட்டமி, அரைநிலவு. கடலின் பெருக்கு மாதத்தில் மிகக் குன்றியிருக்கும் வேளைகளுள் அதுவும் ஒன்று. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்தப் பேரழிவுக்குக் காரணம் மழை, மண்சரிவு, வெள்ளம். நிலவைக் கூண்டில் ஏற்றுவதால் தப்பித்துக்கொள்பவர்கள் யாரென்று யோசித்துப் பாருங்கள். மண் சரியும் சரிவுகளில் குடியிருப்புக்கு இடங்கொடுத்தவர்களும், எச்சரிக்கையை நேரத்துக்கு மக்களின் மொழியில் கொண்டுசேர்க்காதவர்களும் நிலவுக்கு நன்றி சொல்லவேண்டும்.

'சுப்பர் மூன்' என்ற சொல்லே வானியலாளர் தந்ததன்று. ரிச்சர்ட் நோல் என்ற அமெரிக்கச் சோதிடர் 1979இல் ஒரு சோதிட இதழுக்காக உண்டாக்கிய சொல். சந்திரன் தன் பாதையில் அண்மைப் புள்ளியை நெருங்கியிருக்கும்போது பூரணையோ அமாவாசையோ வந்தால் அதற்கு அந்தப் பெயர். பின்னர் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் மக்களைக் கவர அதே சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கியதால், அதற்கு விஞ்ஞானச் சாயம் ஏறிவிட்டது. ஆண்டுக்கு மூன்று, நான்கு பூரணைகள் இந்தக் கணக்கில் அடங்கும். ஆண்டுக்கு நான்கு முறை வரும் ஒன்றை "அரிய வானியல் நிகழ்வு" என்று நான்கு முறையும் தலைப்பிட நம்மவர்களால் மட்டுமே முடியும்.

2016 நவம்பர் 14ஆம் திகதி வந்த பூரணையை நினைவிருக்கிறதா? "68 ஆண்டுகளுக்குப் பின்னர்" என்று எழுதாத பத்திரிகை இல்லை. தகவல் பிழையன்று, 1948 ஜனவரிக்குப் பின்னர் பூரணைச் சந்திரன் அவ்வளவு நெருங்கியது அன்றுதான். ஆனால் எவ்வளவு நெருக்கம்? அன்றைய தூரம் 3,56,500 கிலோமீற்றர் சொச்சம். 2025 நவம்பரில் வந்ததற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 300 கிலோமீற்றரை ஒட்டியது; கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தூரங்கூட இல்லை. மூன்றரை இலட்சத்தில் முந்நூறு! இதைக் கண்ணால் காணலாம் என்று வாசகனை மொட்டைமாடிக்கு அனுப்பிவைத்தோம். ஆண்டின் மிகச் சிறிய பூரணையோடு மிகப் பெரியதை ஒப்பிட்டால் விட்டம் 14 வீதம் கூடும், ஒளி 30 வீதமளவில் கூடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியுமானால் வேறுபாடு தெரியும். வானம் அப்படி வைத்துக் காட்டுவதில்லை. உதயவேளையில் பனைவடலிக்கு மேலே பெரிதாகத் தெரியும் நிலவு கண்ணின் மயக்கம். அது எல்லாப் பூரணைக்கும் உண்டு. பத்திரிகைகளில் கோபுரத்தை விழுங்குவதுபோல் வரும் நிலவு, தூரத்தில் நின்று நீண்ட லென்சு பூட்டி எடுக்கும் படப்பிடிப்பாளரின் கைவண்ணம். அவருடைய தொழிலை நான் குறைசொல்லவில்லை. கீழே எழுதும் இரண்டு வரியைத்தான் சொல்கிறேன்.

இனி என் கதை.

2004 டிசெம்பர் 26 கடற்கோள் நாள் ஒரு போயா தினம், உந்துவப் பூரணை. "பறுவத்திலை கடல் பொங்கினது" என்ற பேச்சு அன்று மாலையே தொடங்கிவிட்டது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒரு காலைப்பொழுதில் இழந்த நாட்டில், மக்கள் ஏதாவதொரு காரணத்தைப் பற்றிக்கொள்ளத் துடித்ததை நான் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் தொழில் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது. நாங்கள் செய்தது வேறு. 2005 ஜனவரி முதல் வாரத்தில் ஓர் இரவு, நான் கடமையில் இருந்தபோது, ஒரு கட்டுரைத் துணுக்கு வந்தது. ஜனவரி 10ஆம் திகதி அமாவாசை. அன்று சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வருகிறது. கடல் மீண்டும் கொந்தளிக்கலாம் என்று வெளிநாட்டுச் சோதிடர் கூறுகிறார். இவ்வளவே. எழுதியவர் இளைஞர்; இணையத்தில் எடுத்தது என்றார். எனக்குச் சந்தேகம் இருந்தது. பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்கு ஒரு பள்ளமும் இருந்தது. பெட்டி கட்டிப் போடச் சொன்னேன். 'கொந்தளிக்கலாம்' என்பதன் பின்னால் ஒரு கேள்விக்குறி சேர்த்தேன். அந்தக் கேள்விக்குறியோடு என் மனச்சாட்சி அடங்கிப்போனது.

பத்து நாட்கள் கழித்துக் கிழக்கிலிருந்து ஒருவர் காரியாலயத்துக்கு வந்தார். பாடசாலையொன்றில் அமைந்திருந்த முகாமிலிருந்து காணாமற்போன மகளின் படத்தைப் பிரசுரிக்கக் கொண்டுவந்தவர். பேச்சோடு பேச்சாகச் சொன்னார். 9ஆம் திகதி இரவும் 10ஆம் திகதி இரவும் முகாமில் ஒருவரும் உறங்கவில்லை. பத்திரிகையின் அந்தத் துண்டைக் கத்தரித்து யாரோ சுவரில் ஒட்டியிருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக் கொரிடோரில் குந்தியிருந்தார்கள். கடற்பக்கம் ஒரு வாகனம் இரைந்ததைக் கேட்டு நள்ளிரவில் எல்லோரும் படியால் இறங்கி ஓட, ஒரு கிழவி விழுந்து இடுப்பு முறிந்து வைத்தியசாலையில் கிடக்கிறாள். அவள் அலைக்குத் தப்பியவள். "கடல் ஒண்டும் செய்யேல்லை ஐயா," என்றார் அந்த மனிதர். என்னைக் குற்றஞ்சாட்ட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பெட்டியைப் போட்டவன் நான்தான் என்று சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை. மகளின் படத்தை மறுநாளே முன்பக்கத்தில் போடச் செய்தேன். அவ்வளவுதான் நான் செய்த பிராயச்சித்தம்.

கணக்கைப் பிறகு நானே பார்த்தேன். அதற்கு ஓர் இரவு போதுமாக இருந்தது, முன்னரே பார்த்திருக்கலாம். கடற்கோள் நாளில் சந்திரன் அண்மையில் இருக்கவில்லை. நேர்மாறாக, டிசெம்பர் 27ஆம் திகதி அது தன் பாதையின் மிகத் தொலைவான புள்ளியை அடைந்தது. 4,06,000 கிலோமீற்றருக்கும் அப்பால். கடலை இழுக்கும் வலு தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். ஆகவே அன்று சந்திரனின் இழுவை சராசரியைவிட 15 வீதமளவில் குறைந்திருந்தது. அலையை எழுப்பியது சுமாத்திராவுக்கு அப்பால் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலடித் தட்டு கிழிந்த நிலநடுக்கம். மறுபுறம், ஜனவரி 10 அன்று சந்திரன் உண்மையாகவே மிக அண்மையில், 3,56,600 கிலோமீற்றரில் இருந்தது. இழுவை சராசரியைவிடக் கால்வாசி கூட. அதனால் நம்முடைய கரையில் என்ன நடக்கும்? இலங்கையைச் சூழ்ந்த கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலுள்ள உயரம் பெரும் பெருக்குக் காலத்திலும் ஒரு மீற்றருக்குக் குறைவு. அதில் அண்மைச் சந்திரன் கூட்டித் தருவது ஒரு சாணுக்கும் குறைவு. அந்த ஒரு சாணுக்காக ஒரு கிழவியின் இடுப்பை உடைத்தோம்.

சோதிடர்களின் தந்திரம் எங்கே இருக்கிறது என்பதும் அந்த இரவில்தான் புரிந்தது. "கடற்கோள் சுப்பர் மூனுக்கு இரண்டு கிழமை முன்னர் நிகழ்ந்தது, ஆகவே தொடர்பு உண்டு" என்கிறார்கள். 2011 மார்ச் 11 ஜப்பான் அழிவையும் மார்ச் 19ஆம் திகதிய பூரணையோடு இப்படித்தான் முடிச்சுப் போட்டார்கள். அன்றும் அரைநிலவுக்கு அண்மித்த நாள்தான். சந்திரன் சராசரியைவிடத் தொலைவில்தான் இருந்தது. வாசகர்களே, சந்திரன் அண்மைப் புள்ளிக்கு 27½ நாளுக்கு ஒருமுறை வருகிறது. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும், அதற்கு முன்னரோ பின்னரோ 14 நாளுக்குள் ஓர் அண்மைப் புள்ளி இருந்தே தீரும். உங்கள் திருமணநாளுக்கும் இருக்கும். இரண்டு கிழமை என்ற எல்லையை வைத்துக்கொண்டால் வரலாற்றில் நடந்த ஒவ்வொரு அழிவையும் நிலவின் தலையில் கட்டலாம். ஒவ்வொரு திருவிழாவையும் கட்டலாம்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லவேண்டும். பெருக்கின் அழுத்தம் நிலத்தட்டுகளையும் சிறிதளவு அசைக்கிறது. தோக்கியோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அந்த அழுத்தம் கூடியிருக்கும் வேளைகளில் சிறு முறிவொன்று பெரும் நிலநடுக்கமாக வளரும் வாய்ப்பு ஓரளவு கூடலாம் என்று காட்டியது. இது பரிசீலிக்கத்தக்க விஞ்ஞானம். ஆனால் அதிலிருந்து "இன்ன திகதியில் இன்ன கரையில்" என்று சொல்ல எந்த ஆய்வாளரும் துணியவில்லை. துணிந்தவர்கள் நாங்கள்.

கிரகணத்துக்கு வருகிறேன். 1955 ஜூன் 20ஆம் திகதி இலங்கையின் மேலாக முழுச் சூரிய கிரகணம் சென்றபோது நான் சிறுபிள்ளை. அந்தக் கிரகணவேளையில் வசம்பை, சிங்களத்தில் 'வதகஹ' என்பார்கள், அரைத்துக் குடித்தால் கறுத்தவர்கள் சிவந்து அழகாகிவிடுவார்கள் என்று நாடெங்கும் கதை பரவியது. நம்பிக் குடித்த பெண்கள் பலர் வைத்தியசாலைகளில் கிடந்தார்கள். தென்னிலங்கை அரசியல் மேடைகளில் பல காலம் அது பரிகாசப் பொருளாக இருந்தது. நம் பக்கத்துப் பெரியவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அதே பெரியவர்கள் கிரகணம் என்றால் வயிற்றுப்பிள்ளைக்காரியை அறைக்குள் பூட்டி, தண்ணீர் கொடுக்காமல் வைத்திருப்பார்கள். சிங்களவர் குடித்து மயங்கினார்கள். நாங்கள் குடிக்கவிடாமல் மயங்கவைத்தோம்.

2025இல் நான்கு கிரகணங்கள் நிகழ்ந்தன: சந்திர கிரகணம் இரண்டு, சூரிய கிரகணம் இரண்டு. நம் நாட்டில் தெரிந்தது ஒன்றே ஒன்று; செப்டெம்பர் 7ஆம் திகதி, பினர போயா இரவு. பத்து மணிக்குச் சற்று முன்னர் தொடங்கி, 11 மணி முதல் நள்ளிரவு கடந்து 12.22 வரை, 82 நிமிடங்கள் நிலவு முழுதாகச் செம்பு நிறங்கொண்டு நின்றது. கண்ணாடி வேண்டாம், தொலைநோக்கி வேண்டாம், வெறுங்கண்ணால் அச்சமின்றிப் பார்க்கலாம். அதற்கு முந்திய நாட்களில் நம் பத்திரிகைகளில் நான் கண்டவை: எந்தெந்த நட்சத்திரக்காரருக்குத் தோஷம், என்ன தானம், கர்ப்பிணிகள் எத்தனை மணி முதல் உண்ணக்கூடாது. கோயில் நடை சாத்துவது கோயிலின் ஒழுங்கு. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் எட்டு மாதக் கர்ப்பிணி மணிக்கணக்காகத் தண்ணீர் குடியாதிருக்க வேண்டும் என்று அச்சிடும் பத்திரிகை, பக்கத்திலேயே ஒரு மகப்பேற்று வைத்தியரின் நான்கு வரியை ஏன் போடக்கூடாது? பூமியின் நிழல் நிலவின்மேல் விழுகிறது. அந்த நிழல் அறைக்குள் இருக்கும் பெண்ணை எந்த வழியால் வந்து தொடும்?

சந்திரனின் தூரம் எங்கே உண்மையாக நம் கண்ணுக்குத் தெரியும் என்றால், சூரிய கிரகணத்தில். 1955இல் சந்திரன் அண்மையில் இருந்தது. சூரியனை முழுதாக மறைத்தது. நூற்றாண்டின் மிக நீண்ட முழுக்கிரகணம் அது. 2010 ஜனவரி 15, தைப்பொங்கலுக்கு அடுத்தநாள், யாழ்ப்பாணத்து வானில் நடுப்பகல் கடந்து நிகழ்ந்ததோ கங்கணக் கிரகணம். சந்திரன் அதன் தொலைவுப் புள்ளிக்கு இரண்டு நாட்களே பின்தங்கியிருந்தது. ஆகவே அதன் வட்டம் சிறுத்து, சூரியன் ஒரு வளையலாய் ஏறத்தாழ பத்து நிமிடம் எரிந்தது. போர் ஓய்ந்து ஒரு வருடமும் ஆகாத மண்ணில், முற்றத்தில் நின்று அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு 'ஏன் வளையம்?' என்று விளக்கியிருந்தால் சந்திரனின் பாதை நீள்வட்டம் என்பதை அவர்கள் ஆயுளுக்கும் மறந்திருக்கமாட்டார்கள். 2019 டிசெம்பர் 26ஆம் திகதி, கடற்கோளின் பதினைந்தாம் நினைவுநாளன்றே, வடக்கிலும் திருகோணமலையிலும் மீண்டும் கங்கணம் தெரிந்தது. அன்று என்னிடம் வந்த கேள்விகள் எல்லாம் ஒன்றைப் பற்றியவை: கடல் வருமா?

இங்கே ஒரு பழங்கதை. நான் 1968இல் ஒப்புநோக்காளனாக வேலைக்குச் சேர்ந்தபோது இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறை கிடையாது. 1966 முதல் 1971 வரை பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமிகள் ஆகிய போயா நாட்களும் அவற்றின் முதல் நாட்களுமே வார விடுமுறை. ஒரு வாரம் ஆறு நாளில் முடியும், இன்னொன்று எட்டு நாள் இழுக்கும். அச்சுக்கோப்பாளர்கள் திட்டித் தீர்ப்பார்கள். அரசாங்கத்தைத் திட்டினார்கள், குற்றவாளி வானத்தில் இருந்தது. அண்மையில் வரும்போது சந்திரன் நாளொன்றுக்கு 15 பாகை விரைகிறது, தொலைவில் 12 பாகைதான் நகர்கிறது; ஆகவே பிறைகளுக்கிடையிலான நாட்கள் ஒருசீராக இருப்பதில்லை. சந்திரனின் தூரமாற்றத்தைச் சம்பளப் பட்டியலில் உணர்ந்த தலைமுறை எங்களுடையது. ஆனாலும் அப்போது நிலவுக்கு எவரும் பயந்ததாக ஞாபகமில்லை. விடுமுறை என்று வருகிறது என்பதற்காகத்தான் அதைப் பார்த்தோம்.

நம் முன்னோரைக் காட்டி இந்தப் பயத்தை நியாயப்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாக்கிய பஞ்சாங்கத்தின் அடிப்படை, வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள். ஏன் 248? சந்திரன் ஒன்பது தடவை அண்மைப் புள்ளிக்கு வந்து திரும்ப 248 நாட்கள் ஆகும். நிலவு விரைவதையும் தளர்வதையும் அவர்கள் நாள்வாரியாக அளந்து, எண்களை எழுத்துகளாக்கி, மனனம் செய்துவைத்தார்கள். 1825இல் சென்னையில் வெளியான ஜோன் வாரனின் 'காலசங்கலித' நூலில், புதுச்சேரியிலிருந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்திலிருந்த வாய்பாடுகளைக்கொண்டே அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய செய்தி உண்டு. தொடக்க நேரத்தில் அவருக்கு ஏற்பட்ட பிழை நான்கு நிமிடம். முடிவில் ஐம்பது நிமிடமளவில் பிழைத்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எழுதிக் கணக்கிடாத மனிதருக்கு அது இழுக்கில்லை. ராகு, கேது என்பன அந்தக் கணிதருக்குச் சந்திரன் பாதையும் சூரியன் பாதையும் வெட்டும் இரண்டு புள்ளிகள். ஐந்து பாகை சாய்ந்த பாதை அந்தப் புள்ளிகளுக்கு அருகே வரும்போதுதான் கிரகணம். இல்லாவிட்டால் மாதந்தோறும் நிகழ்ந்திருக்கும். சோழிகளோடு அவர் நிமிடங்களைத் தேடினார். கையில் கணினியை வைத்துக்கொண்டு நாம் தோஷத்தைத் தேடுகிறோம். பரம்பரை என்று எதைச் சொல்கிறோம்?

"மக்கள் விரும்புகிறார்கள், போடுகிறோம்" என்பார்கள் ஆசிரியபீடத்தில். நானும் அந்தக் கதிரையிலிருந்து சொன்னவன். மக்களில் ஒரு பகுதியினர் கடற்றொழிலாளர். வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிக்கிறவனுக்குப் பூரணை இரவுகள் வெறும் இரவுகள். நிலவு எத்தனை மணிக்கு உதிக்கும், எப்போது படும், பெருக்கு எந்த நேரம், இம்முறை சந்திரன் அண்மையிலா தொலைவிலா என்பவை அவனுக்குக் காசு. களப்போரம் வயல் வைத்திருப்பவனுக்கு உப்புநீர் ஏறும் நாட்கள் தெரியவேண்டும். இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே கணிக்கப்பட்டவை. 2025 நவம்பர் 5இலிருந்து பதினான்கு பூரணைகளை எண்ணுங்கள். அந்தக் காலத்தில் சந்திரன் சரியாகப் பதினைந்து தடவை அண்மைக்கு வந்திருக்கும். அடுத்த பெருநெருக்கம் 2026 டிசெம்பர் 24ஆம் திகதிப் பூரணை. இதற்கு எந்தச் சோதிடரும் தேவையில்லை. பெருக்கத் தெரிந்தால் போதும்.

புயலுக்குப் பின்னர் எனக்கு வந்த அந்த அழைப்பின் உறுத்தலில், எனக்கு வேண்டிய ஆசிரியர் ஒருவரிடம் ஒரு மாதிரிப் பத்தியைத் தயாரித்துக் கொடுத்தேன். நாளுக்கு ஐந்து வரி: நிலவின் உதயம், மறைவு, பிறை, தூரம், பெருக்கு நேரம். அவர் கவனமாக வாசித்தார். நல்ல முயற்சி என்றார். பக்கத்தில் இடமில்லை என்றார். அவருடைய மேசையில் அன்றைய பத்திரிகை விரிந்து கிடந்தது. அதில் இராசிபலன் அரைப் பக்கம்.